ஆக்டேன் முடிந்தது, நோனேன் நடக்கிறது: மாற்றியங்களுக்குப் பெயரிட்டுப் பார்த்த அனுபவம்

கிளைச் சங்கிலி ஆல்கேன்களுக்கு (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் ஒற்றைப் பிணைப்புகளால் இணைந்த சேர்மங்களுக்கு)ப் பெயரிடும் விதிகளை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, ஒரு மூலக்கூறு வாய்பாட்டுக்குரிய மாற்றியங்கள் (அதே அணுக்கள் வெவ்வேறு விதமாக இணைந்த சேர்மங்கள்) அனைத்தையும் வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுவது என்று கோடையில் தொடங்கிய பயிற்சி இப்போது ஆக்டேனைத் தாண்டியிருக்கிறது. வேதியியல் என் தொழிலன்று. பெரம்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கும் மின்சார ரயில் பயணத்துக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும் என்பதால் இதைத் தேர்ந்துகொண்டேன்.

நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனுக்கு 2 மாற்றியங்கள், ஐந்து கார்பன் பென்டேனுக்கு 3, ஆறு கார்பன் ஹெக்சேனுக்கு 5 என்பவை விரைவில் முடிந்துவிடும். ஹெப்டேனின் 9 மாற்றியங்களுக்கு வரும்போதுதான் ஒரு முறை தேவைப்படுகிறது. முதலில் கிளையற்ற சங்கிலியை எழுதி, பின்னர் முதன்மைச் சங்கிலியை ஒவ்வொரு கார்பனாகக் குறைத்து, விடுபட்ட கார்பன்களைக் கிளைகளாகப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். முதல் கார்பனில் மெத்தில் (ஒரு கார்பன் கிளை) தொகுதியையோ இரண்டாம் கார்பனில் எத்தில் (இரு கார்பன் கிளை) தொகுதியையோ பொருத்தினால் சங்கிலிதான் நீளுமே தவிர நினைத்த கிளை உண்டாகாது. மணிகளைக் கம்பியில் கோத்துச் செய்த மாதிரியைக் கையில் திருப்பிப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

ஆக்டேனுக்கு 18 மாற்றியங்கள் என்பது முன்பே தெரிந்த கணக்கு. தாளில் அதைவிடக் கூடுதலான படங்கள் சேர்ந்துவிடுவது இயல்பு. அவற்றில் எவை இரட்டித்தவை என்று கண்ணால் தேடுவதைக் காட்டிலும், ஒவ்வொன்றுக்கும் விதிப்படி பெயரிட்டு, ஒரே பெயர் பெற்றவற்றை நீக்குவது நம்பகமானது. ஒரு பொருளுக்கு ஒரே பெயர்தான் வர வேண்டும் என்ற நோக்கத்துடன் 1892இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசப் பெயரிடும் ஏற்பாடு, இங்கே சரிபார்க்கும் கருவியாகவே பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, பென்டேனின் மூன்றாம் கார்பனில் ஐசோபுரோப்பில் தொகுதி (நடுக் கார்பனால் இணையும் மூன்று கார்பன் கிளை) அமைந்த படத்தைப் புதிய மாற்றியம் என்று கருதத் தோன்றும். ஆனால் அதில் ஐந்து கார்பன் கொண்ட சங்கிலியை வேறு வழியாகவும் எடுக்கலாம்; நீளம் சமமாக இருக்கும்போது அதிகப் பதிலிகள் (கிளைத் தொகுதிகள்) கிடைக்கும் சங்கிலியையே கொள்ள வேண்டும் என்பதால், அது பட்டியலில் ஏற்கெனவே உள்ள 3-எத்தில்-2-மெத்தில்பென்டேனாகிவிடுகிறது.

எண்ணிடும் விதியைக் கற்க 2,2,4-டிரைமெத்தில்பென்டேனை விடச் சிறந்த சேர்மம் எனக்குத் தென்படவில்லை. பெயரிலுள்ள எண்கள் மூன்று மெத்தில்களும் சங்கிலியில் எந்தக் கார்பன்களில் உள்ளன என்பதைக் காட்டுகின்றன; மறுமுனையிலிருந்து எண்ணினால் அவை 2,4,4 என்று வரும். இரு வரிசைகளையும் இடமிருந்து ஒப்பிட, முதன்முதலாக வேறுபடும் இடத்தில் 2 சிறியது என்பதால் முதல் வரிசையே சரி. கூட்டுத்தொகையைப் பார்த்தாலும் போதும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். அது பல இடங்களில் ஒத்துவந்தாலும் விதி அதுவன்று என்பதால் அதை நான் பழகிக்கொள்ளவில்லை. பெட்ரோல் எஞ்சினில் தட்டலை எதிர்க்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் அளவுகோலில் 100 என்று வைக்கப்பட்டிருப்பதும் இதே சேர்மம்தான். கிளையற்ற ஹெப்டேனுக்கு அங்கே 0. பட்டியலின் கடைசியில் வரும் 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால், மற்றவை யாவும் திரவமாக இருக்கும் சென்னை வெயிலிலும் அது திண்மமாகவே இருக்கும்.

நோனேனின் 35 மாற்றியங்களில் நோனேன், ஆக்டேன், ஹெப்டேன் சங்கிலிகளுக்குரிய 15 முடிந்துவிட்டன. ஹெக்சேன், பென்டேன் சங்கிலிகளுக்குரிய 20 எஞ்சியுள்ளன. ஆக்டேன் வரை பெயர்களை எழுதும் வரிசைக்கு மட்டுமே தேவைப்பட்ட அகரவரிசை, இங்கே முதன்முறையாக எண்ணையும் முடிவு செய்கிறது. ஹெக்சேனில் எத்திலும் மெத்திலும் அடுத்தடுத்து நடுவில் அமைந்தால் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் 3,4 என்றே வரும்; அப்போது ஆங்கில அகரவரிசையில் முந்தும் எத்திலுக்கே 3 என்ற எண் உரியது, ஆகவே பெயர் 3-எத்தில்-4-மெத்தில்ஹெக்சேன். தமிழ் வரிசையிலும் எத்தில் முந்துவதால் இங்கே சிக்கல் இல்லை. இன்னும் நீண்ட சங்கிலிகளில் மெத்திலும் புரோப்பிலும் சேர்ந்து வரும்போது தமிழ் வரிசை நேர்மாறாக நிற்கும் என்பதால், தமிழில் எழுதுவோர் அங்கே ரோமன் எழுத்துகளைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.