கோலாலம்பூர் காற்றில் நமுத்துப்போகாத பிரெட்ஸல்

பிரெட்ஸல் என்பது மாவுத் திரியை முடிச்சுப்போல் முறுக்கி, உப்புத் தூவிச் சுட்ட பண்டம். அதன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வையுங்கள். வெளியே ஒரு மழை பெய்து ஓயட்டும். திரும்பிப் பார்த்தால் மேலே இருக்கும் உப்புக் கல் பளபளவென்று வியர்த்திருக்கும். அதற்குப் பிறகு கடித்தால் சத்தம் வராது. அதே மேசையில் அதே நேரம் திறந்து கிடக்கும் முறுக்குக்கு இவ்வளவு சீக்கிரம் இந்தக் கதி வராது. முறுக்கு எண்ணெய் குடித்த பண்டம், உப்பும் மாவுக்குள்ளே கலந்திருக்கிறது. பிரெட்ஸலில் எண்ணெய் சொற்பம், உப்போ வெளியே தலைநீட்டிக்கொண்டு நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கோலாலம்பூரில் அந்த எல்லையைத் தாண்டாத நாளே கிடையாது.

ஆகவே இந்த ஊரில் பிரெட்ஸல் என்றால் வாங்கினாலும் சரி, வீட்டில் சுட்டாலும் சரி, பாதி வேலை ஈரத்தோடு சண்டை போடுவதுதான்.

முதலில் வாங்குவதைப் பற்றி. நம்மில் பலர் சாப்பிட்ட முதல் பிரெட்ஸல், அது பிரெட்ஸல் என்றே தெரியாமல் சாப்பிட்டதாக இருக்கும். 1966-இல் ஜப்பானின் கிலிகோ கொண்டுவந்த போக்கி, சாக்லேட்டில் தோய்த்த பிரெட்ஸல் குச்சிதான். மலேசியாவில் அது நெடுநாள் ராக்கி என்ற பெயரில் விற்றது. பேரங்காடிகளில் சுடச்சுட முறுக்கித் தரும் மெத்தென்ற பிரெட்ஸல் வேறு ஜாதி. 2016-இல் ‘பிரெட்ஸல் டாக்’ என்ற பெயரில் நாயைக் குறிக்கும் சொல் இருப்பதால் அதை மாற்றச் சொல்லி ஹலால் சான்றிதழ் விவகாரம் எழுந்ததே, அது அந்த வகை. வெண்ணெய் தடவி அப்போதே சாப்பிட வேண்டிய ரொட்டி அது. இங்கே பேச வந்தது காய்ந்து கடகடவென்று உடையும் வகை.

அந்த வகைக்குத் தாய்வீடு அமெரிக்காவின் பென்சில்வேனியா. லிட்டிட்ஸ் என்ற சிற்றூரில் 1861-இல் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் தொடங்கிய அடுமனைதான் அந்நாட்டின் முதல் வணிகப் பிரெட்ஸல் அடுமனை. ஹனோவர் ஊரில் 1909-இல் ஸ்னைடர்ஸ், அதே ஊரில் 1921-இல் உருளைக்கிழங்கு வறுவலோடு தொடங்கிய உட்ஸ். ரெடிங் நகரம் பிரெட்ஸலுக்கே பேர்போனது. அங்கே 1935-இல் முறுக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் கைவேலை மெல்ல ஒதுங்கியது. இன்னும் ஒதுங்காத இடங்களும் உண்டு. ஆக்ரனில் இருக்கும் மார்ட்டின்ஸ் கையால்தான் முறுக்குகிறது. கைமுறுக்குச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல் வேலையின் அருமை தெரியும்.

எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும் நம் காற்றில் இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஸ்னைடர்ஸின் புளித்த மாவுப் பிரெட்ஸல் விரல் தடிமனில் கல் போல் இருக்கும். அதன் எடைக்கு மேற்பரப்பு குறைவு, அதனால் ஈரம் உள்ளே இறங்க நேரமாகும். திறந்த பொட்டலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரெடிங் பக்கத்து யூனிக் நிறுவனத்தின் ‘ஸ்ப்ளிட்ஸ்’ வகையில் மாவை நன்றாக உப்பவிட்டுச் சுடுவதால் வயிறு வெடித்துப் பொத்தலும் பிளவுமாக இருக்கும். முதல் கடிக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் அத்தனை பிளவிலும் காற்று புகும், திறந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். ஜெர்மனியின் உப்புக் குச்சிகளும் சின்னச் சின்ன மினி பிரெட்ஸல்களும்தான் முதலில் பலியாகும். மெல்லியது எதுவும் இங்கே நிற்காது. பெரிய பொட்டலம் மலிவென்று வாங்குவதும் வீண். சின்னப் பொட்டலமாக நாலு வாங்குங்கள்.

ஜெர்மனி என்றதும் ஒன்று. தெற்கே சுவாபியப் பகுதியில் பிரெட்ஸலின் வயிறு தடித்து, கீறி, மெத்தென்று இருக்கும். கைகள் மட்டும் மெலிந்து மொறுமொறுவென்று இருக்கும். பவேரியாவில் கைகளும் தடித்தே இருக்கும். ஒரே மாவு, தடிமன் மட்டும் வேறு. மொறுமொறுப்பு என்பது மாவில் இல்லை, எவ்வளவு தண்ணீர் வெளியேறியது என்பதில்தான் இருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி அளவு. 500 கிராம் கோதுமை மாவு. நம் ஊரில் கோதுமை மாவு என்றால் வெள்ளை மாவுதான், ஆட்டா அல்ல. புரதம் கூடிய ரொட்டி மாவு வேண்டாம், அது பல்லை உடைக்கும், சாதாரண மாவே சரி. தண்ணீர் 230 மில்லி, குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது. ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை 10, உப்பு 8, தாவரக் கொழுப்பு 20 கிராம். வெளிநாட்டுச் செய்முறைகளில் ஈஸ்ட் இதைப் போல் இரட்டிப்பு இருக்கும். 30 டிகிரி சமையலறையில் அதை அப்படியே போட்டால் நீங்கள் பாதியை உருட்டி முடிப்பதற்குள் மீதிப் பாதி பொங்கிவிடும்.

மாவு சப்பாத்தி மாவை விடக் கெட்டியாக இருக்கும். பயந்துபோய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள். இப்போது ஊற்றும் ஒவ்வொரு கரண்டியையும் பிறகு சுடும் அடுப்பில் (ஓவனில்) வைத்து வெளியேற்றியாக வேண்டும். பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணி மூடி 40 நிமிடம் வையுங்கள். பிறகு 20 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் 38 வரும். ஒவ்வொன்றையும் பென்சில் தடிமனில், அதாவது 8 மில்லிமீட்டரில், 35 செண்டிமீட்டர் நீளத்துக்கு உருட்ட வேண்டும். உருட்டும் பலகையில் மாவு தூவினால் திரி வழுக்கும், உருளாது. ஈரத்துணியால் பலகையை ஒரு முறை துடைத்தால் பிடிப்பு வரும். திரி நீளாமல் சுருங்கிச் சுருங்கி வந்தால் இழுக்காதீர்கள், பத்து நிமிடம் விட்டுவிட்டு அடுத்த உருண்டைக்குப் போங்கள். முறுக்குவது சிரமமென்றால் முதல் தடவை 8 கிராமில் 14 செண்டிமீட்டர் குச்சியாகவே போடலாம். ருசி ஒன்றுதான்.

அடுத்தது காரக் கரைசல். மிளகாய்க் காரமல்ல, ஆங்கிலத்தில் அல்கலி என்பார்களே, அது. பிரெட்ஸலைப் பிரெட்ஸலாக்குவது இதுதான். காரத்தன்மை கூடினால் மாவின் மேல்பரப்பு வெகு வேகமாகச் சிவக்கும், அந்தத் தனி வாசனையும் வரும். தொழிற்சாலைகளில் சோடியம் ஹைட்ராக்சைடு. அதைச் சின்னச் சமையலறையில் பிள்ளைகள் நடமாட வைத்துக்கொள்வது தேவையில்லாத வம்பு. வடிகால் அடைப்பு நீக்கும் பொடியை எடுப்பதோ பேச்சுக்கே இடமில்லை. மறுபக்கம், வெறும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து முக்கினால் நிறம் பன் ரொட்டி நிறத்தோடு நின்றுவிடும், காரம் போதாது.

நடுவழி ஒன்று உண்டு. ஆப்ப சோடா 100 கிராமை எவர்சில்வர் தட்டில் பரப்பி 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதிலிருந்து தண்ணீரும் கரியமில வாயுவும் பிரிந்துபோய்ச் சோடியம் கார்பனேட் மிஞ்சும். முழுதும் மாறியதா என்று தராசு சொல்லும்: 100 கிராம் 63 கிராமாக இறங்கியிருக்க வேண்டும். 75-இல் நின்றால் மறுபடி உள்ளே. வேதியியலாகத் தோன்றினாலும் நமக்குப் புதியதல்ல, அப்பளக்காரத்தின் முக்கியச் சரக்கே இதுதான். மஞ்சள் மீ என்ற நூடுல்ஸுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதும் இதே போன்ற காரந்தான். சீனர் மளிகைக் கடைகளில் ‘ஆயர் அபு’ என்று காரத் தண்ணீரைப் புட்டியில் விற்கிறார்களே, அதையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். புட்டிக்குப் புட்டி அடர்த்தி மாறுவதால் அதற்கு அளவு சொல்ல முடியாது, அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. துணி துவைக்கும் சோடாவும் கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அந்தப் பொடி 60 கிராம். எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே. அலுமினியச் சட்டியைக் காரம் அரிக்கும், கரைசல் கறுத்துவிடும். சுடும் தட்டும் அலுமினியமாக இருக்கக் கூடாது. கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கவிட வேண்டாம், கொதிக்கப்போகும் முன் தீயைக் குறைத்து ஒவ்வொன்றாக 20 விநாடி முக்கி, துளைக்கரண்டியில் நன்றாக வடித்து எடுங்கள். வடிக்காமல் வைத்தால் அடியில் தேங்கி வெள்ளைத் திட்டாகக் காயும். ஒரு நிமிடம் ஊறினால் சவர்க்கார ருசி வரும். பேக்கிங் காகிதத்தில் ஈரமாக வைத்தால் காகிதம் பிரெட்ஸலோடு வந்துவிடும், சிலிக்கோன் விரிப்புதான் சரி.

உப்பை முக்கி எடுத்த ஈரத்திலேயே தூவி, உடனே அடுப்புக்கு அனுப்ப வேண்டும். சந்தையில் கிடைக்கும் வெயிலில் காய்ந்த கல்லுப்பு பார்க்க அழகு, ஆனால் அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது ஏர்கோன் அறையிலும் ஈரத்தை இழுக்கும். சுத்திகரித்த பருமணி உப்பு வாங்குங்கள். தூவும்போதும் கை அடக்கம் வேண்டும், ஒவ்வொரு கல்லும் நாளைக்கு ஒரு தண்ணீர்ச் சொட்டு.

220 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். பழுத்த புளியங்கொட்டை நிறம் வந்ததும் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். தட்டினால் கடினமாக இருக்கும், ஆறியதும் உடைத்தால் ‘டக்’கென்று சத்தமும் வரும். ஆனால் உள்ளே இன்னும் ரொட்டிதான். மறுநாள் அந்த உள்ஈரம் மேலே ஏறி முழுதும் தோல் போல் வளையும். டப்பாவைக் குறை சொல்வார்கள். டப்பா என்ன செய்யும்?

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தராசுதான் வழி. சுடப் போடும்போதே உப்புப் போடாத மூன்றைத் தட்டின் நடுவில் ஒன்றும் ஓரங்களில் இரண்டுமாக வையுங்கள். நிறம் வந்ததும் வெப்பத்தை 110-க்கு இறக்கி, கதவைச் சற்றுத் திறந்து சூடு தணியவிட்டு மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்த மூன்றையும் நிறுத்துப் பாருங்கள். 20 கிராமாகப் போனது 13-க்குக் கீழே வந்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். 14.5 காட்டினால் இன்னும் அரை மணி நேரம். நடுவில் இருந்தது மட்டும் கனமாக இருந்தால் அடுப்பின் நடுவே சூடு குறைவு, தட்டைத் திருப்புங்கள். மேசை அடுப்புகளில் இது சகஜம். எடை சரியென்றாலும் ஒன்றை முடிச்சில் உடைத்துப் பாருங்கள், இரண்டு திரி ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அந்த இடந்தான் கடைசியாகக் காயும். உடைந்த முகம் நடுவரை ஒரே வெளுப்பாக, சுண்ணாம்புத்துண்டு போல் தெரிய வேண்டும். நடுவில் கண்ணாடி போல் ஒரு மங்கல் புள்ளி தெரிந்தால் அது ஈரம்.

காய்ந்ததும் அவசரப்பட்டு மின்விசிறிக்கடியில் வைக்காதீர்கள். வெளிப்பக்கம் சட்டென்று ஆறி, உள்ளே மிஞ்சிய ஈரம் மெதுவாக வெளியே நகரும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். மறுநாள் டப்பாவைத் திறந்தால் கையே படாமல் மயிர் விரிசல் விட்டுத் துண்டு துண்டாகக் கிடக்கும். அடுப்பை அணைத்து, கதவை விரல் அகலம் திறந்து, உள்ளேயே ஆறவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடைப்பது ஏர்கோன் ஓடும் அறையில். சமையலறையில் சோறு வடிக்கும் நேரத்தில் டப்பாவை மூடினால் ஆவியையும் சேர்த்தே மூடுகிறீர்கள். தீபாவளி முறுக்குக்கு எடுக்கும் பெரிய பிஸ்கட் டின் இதற்கு ஆகாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டின் நிறையப் புதுக் காற்று. நாலு சின்ன டப்பா, இறுக்கமான ரப்பர் மூடி, ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும், உணவுக்கான சிலிக்கா பை ஒன்று.

நமுத்துப்போனதைத் தூக்கிப்போட வேண்டாம். கடையில் வாங்கியதோ வீட்டில் சுட்டதோ, 110 டிகிரியில் 15 நிமிடம் வைத்து அடுப்பிலேயே ஆறவிட்டால் சத்தம் திரும்பிவிடும். உப்புக் கரைந்து வழிந்த வெள்ளைத் தடம் மட்டும் போகாது.

விரிசல் விட்ட துண்டுகளுக்கு வேறு வழி. 300 கிராம் துண்டுக்கு எண்ணெய் 45 மில்லி, கடுகுப்பொடி இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று, பெருங்காயம் ஒரு சிட்டிகை. எண்ணெயை லேசாகச் சூடாக்கி அதிலே பொடிகளைக் கலந்து, துண்டுகள் மேல் ஊற்றிப் புரட்டி 120 டிகிரியில் 20 நிமிடம். கறிவேப்பிலையைத் தனியாகப் பொரித்துக் கடைசியில் சேர்க்கலாம். புட்டிக் கடுகுச் சாறு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் பாதி தண்ணீரும் வினிகரும்.