சளி சிரப் வாங்குவதற்கு முன்னால்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் மெடிக்கலில் நாள் முழுக்க இதே பேச்சுதான்: "அண்ணா, குழந்தைக்குச் சளி, நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க." வயசு என்ன, எடை என்ன, வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டால் சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும், கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

2025 அக்டோபருக்குப் பிறகு இன்னும் பிடிவாதமாகிவிட்டேன். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோயின. அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது, ஆலைகளில் புழங்கும் விஷம். பாட்டிலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது, கடையில் நிற்கிற என்னாலும் முடியாது. நம் கையில் இருப்பது, தேவையில்லாத சிரப்பை வாங்காமல் இருப்பதுதான். 2 வயதுக்குள் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகவே வேண்டாம் என்று அதே மாதம் மத்திய சுகாதாரத் துறையும் டாக்டர்களுக்குச் சொன்னது.

கலப்படமே இல்லாத சிரப்பிலும் கவனம் வேண்டும். லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: குளோர்பெனிரமைன் (அலர்ஜி மருந்து), பினைல்எஃப்ரின் (மூக்கடைப்பு மருந்து), பல சமயம் கூடவே பாராசிட்டமால் (காய்ச்சல் மருந்து). முதல் இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி 2023-லேயே உத்தரவு வந்துவிட்டது. மூன்றாவதுதான் வீட்டில் தெரியாமல் இரட்டிப்பாவது, ஏனென்றால் காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அதிலும் இதே பாராசிட்டமால், இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆபத்து.

அளவு விஷயத்தில் 10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் பாராசிட்டமால் போதும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 2 முதல் 3 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லியைத் தாண்டக்கூடாது. அந்த டிராப்ஸை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அது பெரியவர்கள் போடும் ஒரு மாத்திரை அளவு. சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ போதும்.

செட்ரிசின் அலர்ஜிக்கு நல்ல மருந்துதான். ஆனால் சாதாரணச் சளிக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. "ராத்திரி பஸ்ல ஊருக்குப் போறோம், குழந்தை தூங்கட்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. தூங்கவைக்க அலர்ஜி மருந்து கொடுக்காதீர்கள், தயவுசெய்து. சில குழந்தைகள் அதைக் குடித்துவிட்டுத் தூங்காமல் துள்ளவும் செய்வார்கள். அப்புறம் குளோர்பெனிரமைனும் அலர்ஜி மருந்துதான், அந்த சிரப்போடு செட்ரிசினையும் கொடுத்தால் தூக்க மயக்கம் அதிகமாகும்.

பாட்டிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதை நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் இறங்கும், பிஞ்சுகளுக்கு வலிப்பு வரவைக்கும். மூக்கடைப்புக்கு உப்புநீர் டிராப்ஸ் போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலென்றால் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

மூச்சு வாங்கினால், மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே இழுத்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்தால் எங்கள் கடைக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது, கொடுத்த மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதையும் சேர்த்து.