கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள்: பொங்கல் வார நாட்குறிப்பு

ஜனவரி 10, 2025, வெள்ளி

நாளைக்கு ராத்திரி ஊருக்குப் பஸ். துணிமணியை எடுத்து வைத்துவிட்டு, பையன் தூங்கிய பிறகு 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' படத்தை மறுபடியும் போட்டேன். டேவிட் க்ரோனென்பெர்க் 2005-இல் எடுத்த படம். பார்ப்பது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். டாம் ஸ்டால் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மனைவி ஈடி வக்கீல். பள்ளிக்கூடம் போகும் பையன், அவனுக்குக் கீழே ஒரு சின்னப் பெண். கடையை மூடப்போகும் நேரத்தில் இரண்டு பேர் உள்ளே வந்து காபி கேட்கிறார்கள். அப்புறம் துப்பாக்கி வெளியே வருகிறது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். டாம் கையில் இருந்த காபிக் கூஜாவை அப்படியே ஒருவன் முகத்தில் அடிக்கிறார், மேடையைத் தாண்டிக் குதிக்கிறார், விழுந்த துப்பாக்கியை எடுக்கிறார். மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தை இன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டாமாக நடிக்கும் விகோ மார்ட்டென்சன் முகத்தில் கோபமே இல்லை. தொழில் தெரிந்த ஆசாரி உளியை எடுப்பதுபோல எடுக்கிறார்.

நமக்குக் கைதட்டத் தோன்றும் அந்த நேரத்தில், சுடப்பட்டவனின் முகத்தைக் கிட்டத்தில் காட்டிவிடுகிறார் க்ரோனென்பெர்க். தாடை பிய்ந்து ரத்தம் கொட்டும் முகம். ஒரு கணம்தான். தட்டப்போன கை நின்றுவிடுகிறது. இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

ஜனவரி 11, சனி

பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. பெருங்களத்தூரைத் தாண்டவே இரண்டு மணி நேரம்.

டாம் யார் என்பதைச் சொல்ல அந்தப் படத்தில் ஒரு பிளாஷ்பேக்கூட இல்லை. 1997-இல் ஜான் வாக்னர் எழுதி வின்ஸ் லாக் வரைந்த மூலச் சித்திரக் கதையில் பழைய கதை நீளமாக வருகிறது. படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பிலடெல்பியாவில் ஜோயி க்யூசாக் என்ற பெயரில் அவர் என்னென்ன செய்தார் என்பதை நாம் பார்ப்பதே இல்லை. ஒற்றைக் கண் பழுதான ரவுடியாக எட் ஹாரிஸ் கடைக்கு வந்து உட்கார்ந்து 'ஜோயி' என்று கூப்பிடும்போது டாம் முகத்தில் ஓடுவதைத்தான் பார்க்கிறோம். ஈடி பார்ப்பதும் அதே அளவுதான். அவளுக்கு என்ன தெரியுமோ, அதற்குமேல் நமக்கும் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஆறரைக்கு வந்து சேர்ந்தோம். மாமா கடையில் பாய்லர் ஏற்கெனவே சூடாகியிருந்தது. "வா மாப்ளே" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயது. இன்னமும் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஆற்றுகிறார்.

இன்றோடு 'பாட்ஷா' வந்து முப்பது வருஷம். 1995 ஜனவரி 12. எனக்கு அப்போது பதினொரு வயது. மாமாதான் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து டவுனுக்குக் கூட்டிப்போனார். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்து, "இங்கயே உக்காரு மாப்ளே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஆட்டோக்காரர் மாணிக்கம் பம்பாயில் யாராக இருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் திரையில் ஓடியது. கோட்டு, நாற்காலி, ரகுவரனின் மார்க் ஆண்டனி, தியேட்டர் முழுக்க விசில். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பம்பாய்க் கதை முடிந்து படம் சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் மாமா வந்து உட்கார்ந்தார். பீடி வாசம் அடித்தது.

எனக்கு விஷயம் தெரிந்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில். அம்மாதான் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால், கூட்டுக் கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் தகராறு. மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. கையில் அரிவாள் இருந்தது. ஓர் உயிர் போனது. ஏழு வருஷம் உள்ளே இருந்தார். வீட்டில் எங்களிடம் சொன்னதெல்லாம் 'கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தார்' என்பதுதான். இறந்தவரின் வீடு இன்னமும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மாமா கடைக்குப் போக அந்தத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவர் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். சின்ன வயதில் அவர் காற்று வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் எரித்தோம்.

தம்பி 'லியோ' பற்றிப் பேசினான். லோகேஷ் கனகராஜ் 2023-இல் எடுத்தது, க்ரோனென்பெர்க் படத்திலிருந்து கிளைத்தது. இமாசலத்தில் காபிக் கடை நடத்தும் பார்த்திபன் எல்லோரையும் சுட்டு முடித்தபின் உடைந்து அழுகிற இடம் விஜய் நடித்ததிலேயே எனக்கு ஆகப் பிடித்தது. கொன்றுவிட்டோமே என்று நடுங்கும் கதாநாயகனைத் தமிழில் நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டாம் பாதியில் புகையிலைத் தொழிற்சாலை, துரத்தல் என்று கதை வீட்டைவிட்டு வெகுதூரம் போய்விடுகிறது. எனக்கு மனைவியாக வரும் த்ரிஷாவின் முகம் போதுமாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மத்தியானம் 'பாட்ஷா' போட்டோம். பையனுக்கு முதல் தடவை. மாமா திண்ணைப் பக்கம் கதவை ஒட்டி உட்கார்ந்தார். அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு மருத்துவக் கல்லூரி சீட் கேட்டுப் போகும் காட்சிக்காகக் காத்திருந்தேன். நிர்வாகி கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறான். மாணிக்கம் தங்கையை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை நிற்கிறாள். அண்ணன் பேசுவது அவளுக்குக் கேட்காது. உட்கார்ந்திருந்தவன் எழுந்து வியர்த்து நிற்பது மட்டும் தெரிகிறது. வெளியே வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்கிறாள். உண்மையைச் சொன்னேன் என்கிறார் மாணிக்கம், அவ்வளவுதான். 1991-இல் வந்த 'ஹம்' இந்திப் படம்தான் இதற்கு விதை. அதில் ரஜினியே தம்பி, போலீஸ்காரர். அண்ணனின் பழைய கதை தெரியாத தம்பியாக நடித்தவர், இங்கே அதை மறைக்கும் அண்ணனாகிறார். சுரேஷ் கிருஷ்ணா அந்தக் கண்ணாடியை வைத்தது பெரிய காரியம். மாணிக்கத்தைவிட அதிகமாக அந்தத் தங்கையைத்தான் நான் இப்போது பார்க்கிறேன். காலையில் அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டவள் அவள்.

இடைவேளை வந்ததும் மாமா எழப்போனார். பையன் கையைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, நீங்க யாரையாச்சும் இப்படி அடிச்சிருக்கீங்களா?"

அத்தையின் விரல் மொச்சையில் அப்படியே நின்றது. நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஏன் குறைத்தேன் என்று தெரியவில்லை.

"அடிச்சிருக்கேன் சாமி."

"ஜெயிச்சீங்களா?"

மாமா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல சாமி." அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். அத்தை அடுத்த மொச்சையை எடுத்தாள்.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

பையன் நேற்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்று நாள் முழுக்க மாமா பின்னாலேயே திரிந்தான். மாட்டுக் கொம்புக்கு ஒரு பக்கம் அவன் நீலம் பூச, மறுபக்கம் அவர் சிவப்பு பூசினார். என்றைக்காவது அவனிடம் சொல்ல வேண்டியவன் நான்தான்.

டாமின் பையன் ஜாக் ஞாபகத்துக்கு வந்தான். தன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தவனை அவன் பள்ளிக்கூடத்தில் அடித்து நொறுக்குகிறான். நம் வீட்டில் யாரும் அடித்துப் பிரச்சினை தீர்ப்பதில்லை என்கிறார் அப்பா. இல்லை, சுட்டுத் தீர்ப்போம் என்கிறான் மகன். டாம் அவனை அறைந்துவிடுகிறார். அந்த அறையின் சத்தம் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன், கரிநாள்

கோழிக் குழம்பு. மாமா கோழி அறுக்க மாட்டார். சமைப்பார், அறுக்க மாட்டார். இந்த வீட்டில் அறுப்பது எப்போதும் அத்தை. நாற்பது வருஷமாக இதைப் பார்க்கிறேன். அத்தைக்குக் கல்யாணத்துக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஈடி போலீஸ்காரர் முன்னால் டாமுக்காகப் பொய் சொல்லிவிட்டு, அவர் போனதும் டாமைத் தள்ளிவிடுகிறாள். அத்தை எந்த இரவில் எதைத் தள்ளினாள், எதை விட்டுவிட்டாள், யாருக்குத் தெரியும்.

மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். மாமா கடையைச் சாத்திவிட்டு வர நேரமாகிவிட்டது. வாசலில் கால் கழுவிக்கொண்டு நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். பையன் தன் இலையை நகர்த்தி இடம் பண்ணினான். அத்தை இலை போட்டாள். குழம்புச் சட்டியை அவன் அவர் பக்கம் தள்ளினான்.

மாமா உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கு எத்தன மணிக்கு மாப்ளே பஸ்ஸு?" என்று கேட்டார்.

"ஒம்பதரைக்கு, மாமா."