காபி மெஷின் பக்கத்தில் ஒரு காகிதம்

2024 மார்ச் கடைசியில், அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசா லாட்டரி எனக்கு விழுந்தது. மூன்றாவது முயற்சி. எனக்கு நேரடியாக எந்த மின்னஞ்சலும் வரவில்லை. எச்.ஆரில் இருந்த பெண்மணி என் மேசைக்கு வந்து, "அட்டர்னி ஆபீஸிலிருந்து சொன்னார்கள், உங்கள் பெயர் வந்திருக்கிறது" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வரிசை மனதில் ஓடியது. நான் இந்த நாட்டில் இருப்பதா கிளம்புவதா என்ற முடிவை முதலில் பார்த்தவர் வழக்கறிஞர், அடுத்து கம்பெனி, மூன்றாவதாக நான்.

சட்டமே அப்படித்தான். எச்-1பி கேட்டு விண்ணப்பிப்பது கம்பெனி. குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் இருக்கும் கணக்கு அவர்களுடையது, ஐ-129 என்ற மனுப் படிவத்தில் போடும் கையெழுத்து அவர்களுடையது. மனுதாரர் அவர்கள், நாம் பயனாளி. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதல் இரண்டு வருடங்களில் புரிந்துகொள்ள மனம் எங்கே இருந்தது! அமெரிக்காவில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் முதுகலை முடித்து, 2021 ஜூலையில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்தேன். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் வேலை பார்க்கும் அனுமதியான ஓ.பி.டி. ஒரு வருடம், அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு இரண்டு வருடம், ஆக 2024 ஜூலை வரை கெடு. 2022-இல் விழவில்லை. 2023-இல் மார்ச்சிலும் விழவில்லை, ஜூலையில் நடந்த இரண்டாம் சுற்றிலும் விழவில்லை. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்க முதுகலைக்காரர்களுக்குக் கூடுதலாக 20,000. அந்த வருடம் வந்த பதிவுகளோ 7,80,884. அதில் 4 லட்சத்துக்கு மேல், ஒரே ஆளுக்காகப் பல கம்பெனிகள் போட்டவை. பிறகு விதியை மாற்றி, எத்தனை கம்பெனி பதிந்தாலும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு சீட்டுதான் என்றார்கள். 2024-இல் பதிவு 4,79,953 ஆகக் குறைந்தது. ஒரே ஒரு கம்பெனியை நம்பி நின்ற என் போன்றவர்களுக்கு அது பெரிய நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, லாட்டரி விழுந்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். விழுந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.

ஏப்ரலில் ஒரு காலை, காபி எடுக்கப் போனபோது மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எச்-1பி ஊழியர் எண்ணிக்கை: 1. அடுத்து வேலையின் வகை, வருடச் சம்பளம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, அலுவலக முகவரி. சம்பளத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் என் சம்பளம், எல்லாரும் காபி எடுக்கும் இடத்தில், கண் மட்டத்தில் இருந்தது. இன்னொரு நகல் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில். எச்.ஆரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: தொழிலாளர் துறைக்கு எல்.சி.ஏ., அதாவது சம்பளமும் வேலை நிலைமையும் பற்றிக் கம்பெனி உறுதி கொடுக்கும் விண்ணப்பம் போடும்போது, வேலை செய்யும் இடத்தில் இரண்டு இடங்களில் இதை வைத்தாக வேண்டும்.

அன்று வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் தளத்தில் இருந்த ஒரு தமிழ் அண்ணன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காகிதத்தின் முன்னால் நிறுத்தினார். "தம்பி, மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு பார்க்காத. கடைசி வரியைப் படி." சம்பளத்திலோ வேலை நிலைமையிலோ முறைகேடு இருந்தால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. "இந்த வேலைக்கு இந்த ஊரில் நிலவும் சம்பளம், இதே வேலை செய்யற மத்தவங்களுக்கு கம்பெனி கொடுக்கற சம்பளம், ரெண்டுல எது கூடவோ அதைத்தான் உனக்குக் கொடுக்கணும். இது உனக்கான காகிதம்டா. நகல் கேட்டு வாங்கி வெச்சுக்கோ." வேலையைத் தொடங்கும் நாளுக்குள் எல்.சி.ஏ. நகலை ஊழியரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி என்பதையும் அவர்தான் சொன்னார். நான் கேட்டதும் எச்.ஆர். அன்றைக்கே கொடுத்துவிட்டார். கேட்காமல் இருந்தால் வந்திருக்குமா, தெரியாது.

அப்புறம் வேலை விவரம். நான் என்னென்ன செய்கிறேன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத நேரம், கூட்டினால் நூறு வர வேண்டும். மேனேஜரும் நானும் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தோம். "அறிக்கை தயாரித்தல், 30 சதவீதம்" என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு, "அறிக்கைக்கு முன்னால் என்ன செய்கிறாய்?" என்று கேட்டார். லாரிகள் எந்த வழியில் போனால் காலியாகத் திரும்பும் தூரம் குறையும் என்று மாடல் போடுகிறேன் என்றேன். "அதை எழுது. அதற்கு நீ படித்த எந்தப் பாடம் தேவைப்படுகிறது என்றும் எழுது." மூன்று வருடம் பார்த்த வேலையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

அந்தப் பிற்பகல்தான் ஆகஸ்டில் கைகொடுத்தது. ஆர்.எஃப்.இ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்டு யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பும் கடிதம் வந்தது. டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு இந்தப் பட்டம் எப்படி அவசியம் என்று கேட்டிருந்தார்கள். என் ஓ.பி.டி. ஜூலையிலேயே முடிந்து, எச்-1பி தொடங்கும் வரையிலான இடைவெளிக்குக் கிடைக்கும் கேப்-கேப் சலுகையில் வேலையில் இருந்தேன். அப்போதிருந்த விதிப்படி அக்டோபர் 1 வரைதான் அந்தச் சலுகை. பதில் அனுப்ப 84 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள், ஆனால் என் காலண்டரில் 84 நாள் இல்லை. கம்பெனி 2,805 டாலர் கட்டி, சீக்கிரம் முடிவு சொல்லும் பிரீமியம் முறைக்கு மனுவை மாற்றியது. மேனேஜர் தன் கைப்பட மூன்று பக்கக் கடிதம் எழுதினார். அவர் அதை எழுதிக்கொண்டிருந்த மாலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. என்னோடு படித்த ஒருவனிடம், அவன் சேர்ந்த கன்சல்டிங் கம்பெனி வக்கீல் செலவையும் மனுவோடு கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய பயிற்சி நிதிக் கட்டணத்தையும் சம்பளத்தில் பிடித்தது. வக்கீல் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது, அந்தப் பயிற்சி நிதிக் கட்டணத்தை ஊழியரிடம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. அவனுக்குத் தெரிந்தபோது வருடம் ஒன்று ஓடிவிட்டது. தெரிந்த பிறகும் கேட்கப் பயந்தான். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் இங்கே இருக்கக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். ஆனால் புதுக் கம்பெனி மனு போட்ட அன்றே அங்கே போய்ச் சேரலாம், மறுபடி லாட்டரி கிடையாது என்பதையும் அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பரில் எனக்கு அப்ரூவல் வந்தது. ஐ-797 என்ற அந்த ஒப்புதல் தாளில் மனுதாரர் என்ற இடத்தில் கம்பெனி, பயனாளி என்ற இடத்தில் நான். அடியில், கிழித்து வைத்துக்கொள்ளும்படி, இங்கே எதுவரை இருக்கலாம் என்று காட்டும் என் ஐ-94. அந்தத் தாளும் அட்டர்னிக்குத்தான் போயிருந்தது. இந்தத் தடவை யாரும் கொடுப்பதற்கு முன்னால் நானே போய்க் கேட்டேன்.

2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக எச்-1பி மனு போட 1,00,000 டாலர் என்று வந்துவிட்டது. ஊரில் இருந்து முயற்சி செய்யும் தம்பி தங்கைகள் கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் தொண்டை அடைக்கிறது.

அதற்கு முந்தைய ஏப்ரலில், காபி மெஷின் பக்கத்தில் மறுபடி ஒரு காகிதம் ஒட்டினார்கள். எங்கள் குழுவில் ஓ.பி.டி.யில் இருந்த ஒரு பெண்ணுக்கானது. அவளும் அந்தப் பக்கம் வராமல் தலையைக் குனிந்து சுற்றிக்கொண்டு போனாள். நான் போய்க் கூட்டி வந்து, "ஒவ்வொரு வரியா படிம்மா" என்றேன். வேலை வகை சரி, சம்பளம் சரி, தேதி சரி. முகவரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அண்ணா, வாரத்துல மூணு நாள் நான் கிடங்குலதானே இருக்கேன்? அது 90 மைல் தள்ளி இருக்கு. அந்த அட்ரஸ் இதுல இல்லையே?"

வேலை செய்யும் ஊர் மாறினால் மனுவையே திருத்திப் போட வேண்டி வரும். எல்.சி.ஏ.வை அனுப்பிவிட்டார்களா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேரும் எச்.ஆர். அறைக்கு நடந்தோம்.