கொழும்புக்குப் போகும் கோப்பு

தோட்டத் தொழிற்சங்கமொன்றின் ஹட்டன் அலுவலகத்தில், வழக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களுக்காகத் தொழில் நியாய சபையில் ஆஜராவது என் பொறுப்பு. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே தோற்றாலும் கொழும்பு புதுக்கடையில் நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்று. அந்த நம்பிக்கையைக் கலைப்பதுதான் எனக்கு மனக்கஷ்டமான வேலை.

ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா நேராகவே கேட்டார்: "இங்க சரிவராட்டி பெரிய கோட்டுல சொல்லிக்கலாந்தானே தம்பி?"

"அங்க உங்களக் கூப்பிட்டு யாரும் கேக்க மாட்டாங்க அக்கா. இங்க எழுதுறதத்தான் அங்க வாசிப்பாங்க."

சபையின் கட்டளையை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுவும் சட்டப் பிரச்சினை இருந்தால்தான். அதற்கு மேலே உயர் நீதிமன்றம். அனுமதி கிடைத்தால்தான் வழக்கு அங்கே எடுபடும். கீழே பதிவான சாட்சியமும் அடையாளமிட்ட ஆவணங்களும் மட்டுமே மேலே போகின்றன. யார் யாரைத் திட்டினார், தராசில் எத்தனை கிலோ காட்டியது என்பதெல்லாம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அந்த அக்காவுக்கு வேலைநீக்கக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய்த்தகராறு. மறுநாள் பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) வைத்து "இனி வராதே" என்றிருக்கிறார்கள். தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று நிர்வாகம் சொன்னது. வேலைநீக்கத்தை நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அதன் நியாயத்தை அவர்களே முதலில் காட்ட வேண்டும். மறுத்துவிட்டாலோ, நீக்கினார்கள் என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டும். அவர் கொண்டுவந்த சிலிசிலி (பிளாஸ்டிக்) பையில் சம்பளச் சிட்டைகள் இருந்தன, சில ஈரத்தில் ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கடைசி மாதச் சிட்டையில் தகராறு நடந்த நாள் வரைக்கும் ஒரு நாள் விடாமல் பேர் விழுந்திருந்தது, அதாவது வேலை செய்த நாளாகப் பதிவாகியிருந்தது. அதே வாரத்தில் தொழில் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியும் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர் வேலை கேட்டு முறைப்பாடு செய்வாரா? இரண்டையும் அடையாளமிட்டுச் சேர்த்தோம். கட்டளை அவருக்குச் சாதகமாக வந்தது. நிர்வாகம் மேன்முறையீடு செய்தபோது, சபைத் தலைவர் ஆதாரமில்லாமல் முடிவெடுத்தாரா என்பதுதான் மேல் நீதிமன்றத்தில் கேள்வி. பதில் கோப்பிலேயே இருந்தது.

ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகள் அமெரிக்காவைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. உச்சியில் 9 நீதியரசர்கள், ஓய்வு வயது கிடையாது. நமக்கு ஒரே வரிசைதான். உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசரைத் தவிர 16 பேர் வரை இருக்கலாம், 65 வயதில் ஓய்வு. மாகாண மேல் நீதிமன்றம் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு வந்தது. அதுவும் இந்த வரிசைக்குள்தான்.

நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் உண்டு, 126ஆவது உறுப்புரையின் அடிப்படை உரிமை மனு. ஆனால் அது அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே. தோட்டக் கம்பனித் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, எதிராக அந்த வழி திறக்காது. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் விழுந்துவிடும். நாள் முழுக்கத் தங்களை ஆள்பவர் துரைதான் என்றிருக்கும்போது, உரிமையை மீறக்கூடியவர் அரசு மட்டும்தான் என்று சட்டம் சொல்வது எனக்கும் ஏற்கவில்லை.

2024இல் 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்ற அரசாங்க வர்த்தமானி அறிவித்தலுக்கு உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தபோதுதான், புதுக்கடைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. செப்டம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று வேறு வர்த்தமானி வந்தது. அந்த வழக்கிலும் மேலே பேசியவை தாள்கள்தான்.

அதனால் எங்கள் சங்கத்தின் தோட்டத் தலைவர்களின் கூட்டங்களில் நான் முதலில் பேசுவது தேதிகளைப் பற்றி. வேலை நீக்கத்துக்கு 6 மாதத்துக்குள் சபையில் விண்ணப்பம் விழ வேண்டும், மேன்முறையீட்டுக்கு 30 நாள், உரிமை மீறலுக்கு ஒரு மாதம். பிறகு சிட்டைகள். தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலும், மூலப் பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.