கண்ணை அப்புறம் மூடலாம், முதலில் கையைத் தூக்குங்கள்

மனச்சோர்வில் இருப்பவருக்கு வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை: "கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காரு, எல்லாம் சரியாயிடும்." சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கண்ணை மூடியதும் உள்ளே ஓடுவது என்ன? 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றும் நினைப்பு. வெளிச்சமும் சத்தமும் விலகியதும் செக்கு இன்னும் வேகமாகச் சுற்றும். இருபது நிமிடம் கழித்து எழும்போது 'தியானம்கூட எனக்கு வரல' என்று தோல்விக் கணக்கில் ஒன்று கூடியிருக்கும்.

ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் சேர்ந்து மனச்சோர்வுக்காக 8 வாரத் தியானப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். அதை முதலில் அமைத்ததே மனச்சோர்விலிருந்து மீண்டு வந்தவர்களுக்காக, மறுபடி விழாமல் இருக்கத்தான். ஆழத்தில் கிடப்பவரை உட்கார வைத்து மனதைக் கவனி என்பது வேறு சங்கதி. அவருக்கு யோகாவை உடம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நேரத்திலேயே முதல் சறுக்கல். பிரம்ம முகூர்த்தம், நாலு மணி என்று எழுப்பி விடாதீர்கள். கடுமையான மனச்சோர்வில் விடிகாலைதான் பலருக்கு நாளின் மோசமான நேரம், தூக்கமும் ஏற்கெனவே அரைகுறை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்தால் போதும், ஏழரை ஆனாலும் சரி. காபி குடித்துவிட்டு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் வெளிச்சத்தில் நிற்கட்டும்.

முதல் வாரத்துக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விட்டபடி இறக்குவது ஐந்து முறை. இடுப்பிலிருந்து வலமும் இடமும் திரும்புவது பக்கத்துக்கு ஐந்து. தள்ளாட்டம் இருந்தால் சுவரில் சாய்ந்து செய்யலாம்.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு. கண் திறந்தே இருக்கட்டும், பார்வை நாலடி தள்ளித் தரையில். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஒரு மூச்சு முடிந்ததும் கட்டைவிரலை அடுத்த விரல்கணுவுக்கு நகர்த்துங்கள். நாலு விரலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கணு. மூச்சுக்குப் பத்து விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். மூன்று சுற்று போதும், கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. நினைப்பு எங்கோ போனாலும் கட்டைவிரல் நிற்கும் இடம் தெரியும், அங்கிருந்து தொடரலாம். ஆறு எண்ணுவதற்குள் மூச்சு முட்டினால் மூன்றுக்கு நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனமும், ரீங்கார மூச்சான பிராமரியும் சேர்க்கலாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும்போது மண்டைக்குள் பேச்சு கொஞ்சம் அடங்கும், ஐந்தாறு முறை போதும். அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில்தான் கவனம் தேவை. மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டினால் அது பழையபடி படுத்தே கிடப்பதாக மாறிவிடும்.

மனச்சோர்வும் அளவு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் இருப்பவர்கள் பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேக மூச்சுகளைத் தொடவே வேண்டாம், அந்த எழுச்சிப் பக்கம் தூக்கி அடித்துவிடக்கூடும். பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் உப்பைக் குறைப்பதும், விரதம் இருப்பதும், வியர்த்துக் கொட்டப் பயிற்சி செய்வதும் ஆபத்து. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளில் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், பக்கவாட்டில் திரும்பி மெதுவாக எழ வேண்டும். பத்து நாள் மௌன முகாமெல்லாம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பெரிய சிக்கல், யாருக்குப் பெயர் என்பது. மாத்திரை வேலை செய்யவே பொதுவாக இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதே சமயத்தில் யோகாவும் தொடங்கியிருப்பார்கள். தெளிவு வந்ததும் பெயர் யோகாவுக்குப் போகும், மாத்திரை குப்பைக்குப் போகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும், நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் படிப்படியான கணக்கில்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் செய்து 2000-இல் வெளியான ஆய்வில் சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியில் 67 விழுக்காட்டினர் தேறினார்கள், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையில் 73. இதைக் காட்டி 'மாத்திரைக்குச் சமம்' என்பவர்கள், அது குழுவுக்கு 15 பேரை மருத்துவமனையில் சேர்த்து நாலே வாரம் பார்த்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

சாக வேண்டும் என்ற பேச்சு, சாப்பாடு தண்ணீர் மறுப்பு, காதில் குரல் இதில் எது வந்தாலும் பாயைச் சுருட்டிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் தினமும் "யோகா செஞ்சியா?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சை மார்க் கேட்பது போல. "நான் மாடிக்குப் போறேன், வரியா?" என்று கேட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள், நாளைக்கும் அதே நேரத்துக்குக் கேளுங்கள்.