கையில் அடங்கும் கத்தி

நான் முதன்முதலில் வாங்கிய வேட்டைக் கத்தியின் அலகு 6 அங்குலம். முனை ஊசி மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன். முதல் மானின் வயிற்றைத் திறந்தபோது அந்த முனை நேராக இரைப்பையில் இறங்கிவிட்டது. பாதி செரித்த தழையும் அதன் புளித்த நாற்றமுமாக எல்லாம் உள்ளே கொட்டி, முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறியில் படிந்தது. அந்த உடம்பிலேயே மிருதுவான கறி அதுதான். அதில் பாதியை அறுத்து எறிந்தேன். ஓர் உயிரை எடுத்த பிறகு அதன் கறியை வீணாக்கியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதன்பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும் முதலில் முனையைத்தான் பார்க்கிறேன். கத்தியின் முதுகு மெல்லக் கீழே சரிந்து முனையைத் தொட வேண்டும். இதை 'டிராப் பாயின்ட்' என்பார்கள். அமெரிக்கக் கத்தி வினைஞர் பாப் லவ்லெஸ் வேட்டைக்காரர்களிடையே பரவலாக்கிய வடிவம் இது. முனை தாழ்ந்திருப்பதால் குடலைக் குத்தும் ஆபத்து குறைகிறது. சிறு துளை போட்டு, இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி கத்தியை நகர்த்த வேண்டும். எப்போதும் உள்ளிருந்து வெளியே அறுங்கள். வெளியிலிருந்து அறுத்தால் மயிரும் அதில் ஒட்டிய மண்ணும் கத்தியின் கூர்மையைத் தின்றுவிடும், அறுபட்ட மயிர் கறியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

தோலுரிக்க வேறு குணம் வேண்டும். அதற்கு வெட்டுவாய் நன்றாக வளைந்து புடைத்திருக்க வேண்டும். அந்த வளைவுதான் தோலுக்கும் கறிக்கும் இடையிலுள்ள ஜவ்வை நீளமான வீச்சில் பிரிக்கிறது. நேரான வாயுள்ள கத்தியில் முனைதான் வேலை செய்யும், தோலில் ஓட்டை விழும். தோலைப் பதப்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஓட்டையும் நஷ்டம். இரண்டு கத்தி சுமக்க மனமில்லாதவர்கள், வாய் கொஞ்சம் புடைத்த டிராப் பாயின்ட் ஒன்றை எடுத்தால் இரண்டு வேலையும் நடக்கும். முதுகில் கொக்கி வெட்டிய கத்திகளும் உண்டு. வயிற்றுத் தோலைப் பை திறப்பதுபோல் திறந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் கொக்கிக்குள் மயிரும் கொழுப்பும் அடைத்துக்கொள்ளும், அதைச் சாணை பிடிப்பதும் சிரமம். எனக்கு வேண்டாம்.

நீளம் 3 முதல் 4 அங்குலம் போதும். மூச்சுக்குழாயை அறுக்க, கை முழங்கைவரை நெஞ்சுக்கூட்டுக்குள் போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் நீட்டி வைத்தால் முனை எங்கே இருக்கிறது என்று அந்த விரல் சொல்ல வேண்டும். 6 அங்குலக் கத்தியில் அது நடக்காது. மறு கையின் விரல்களும் அதே இருட்டுக்குள்தான் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

எஃகைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும், ரத்தம் பட்டு அப்படியே விட்டால் சீக்கிரம் துருவும் ஏறும். டி2 என்ற கருவி எஃகு கூர்மையை நெடுநேரம் பிடித்திருக்கும். அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் முழுத் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிவிடக் கூடாது. 2001இல் வந்த எஸ்30வி என்ற துருப்பிடிக்காத எஃகு கூர்மையையும் பிடித்திருக்கும், துருவையும் தாங்கும், ஆனால் தேய்ந்தால் சாதாரணக் கல்லில் கூரேற்றப் பொறுமை வேண்டும். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 58 முதல் 60க்குள் இருக்கும் கத்தியை, தானே சாணை பிடிக்கத் தெரிந்தவர் வைத்திருந்தால் எனக்குப் போதும். நடுவேலையில் மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் கை வெட்டுப்படுகிறது. பையில் ஒரு சிறிய கல் கட்டாயம்.

பிடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் காய்ந்த கையோடு பிடித்துப் பார்க்கிறோம். காட்டில் அதே கை குளிரில் விறைத்து, ரத்தமும் கொழுப்புமாக வழுக்கும். பளபளப்பாகத் தேய்த்த மரமும் கொம்பும் அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். சொரசொரப்பான மைக்கார்ட்டாவோ (துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கியது) ரப்பரோ நல்லது, விரல் முன்னே வழுக்கி வாயில் ஏறாதபடி முன்னால் ஒரு தடுப்பும் வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் ஆரஞ்சாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தியில் சருகுக்குள் வைத்த பழுப்புப் பிடிக் கத்தியை டார்ச் அடித்து அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்.

மடக்குக் கத்தியை நான் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. மூட்டுக்குள் புகும் ரத்தத்தையும் கொழுப்பையும் முழுசாகக் கழுவி எடுக்க முடியாது, பூட்டு தளர்ந்தால் விரல் போகும். நெஞ்செலும்பைப் பிளக்கக் கத்தியை நெம்புகோலாக்குவதும் வேண்டாம், அதற்குச் சிறிய ரம்பம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குள் மாதக்கணக்கில் விட்ட ஒரு நல்ல கார்பன் கத்தியின் வாயில் நான் பார்த்த துருப்பள்ளங்கள் எந்தக் கல்லுக்கும் மசியவில்லை.